திருகோணமலைப் பழைய டவுன்: கோட்டை வாசல், டச் பே தெருக்கள், உப்பேறிய சுவர்கள்

உவர்மலைக் குமரன்:
வணக்கம். எங்கள் வாசகர் வட்டம் மாரி தொடங்குமுன் டவுனின் பழைய பகுதியைப் பதிவு செய்ய நினைக்கிறது. கோட்டை வாசல், எஸ்பிளனேட் மயானம், டச் பே பக்கத்துக் குறுக்குத் தெருக்கள், உள்துறைமுக வீதி எல்லாமே நடந்து பார்க்கிற தூரம்தான். இரண்டு கேள்வி. ஒரு கட்டடம் எந்தக் காலத்தது என்று அதைப் பார்த்தே மட்டுக்கட்டுவது எப்படி? அடுத்தது, டச் பே பக்கத்தில் ஒரு பழைய வீடு. முருகைக்கல் (கடற்பவளக் கல்) சுவர், இரண்டடித் தடிப்பு. இடுப்பளவுக்குப் பூச்சு கழன்று விழுகிறது. வீட்டுக்காரர் கொத்திவிட்டு சீமெந்து பூசப்போகிறார். என்ன சொல்வது?

கோணமலை வாசன்:
முதலாவதுக்கு நான் சொல்கிறேன். சுவர் விஷயத்துக்கு சாந்தகப்பை அண்ணை வருவார்.

இந்த ஊரில் ஒரே கல் நாலு கை மாறியிருக்கிறது. அதனால் "இது ஒல்லாந்தர் கட்டினது" என்று ஒரே வரியில் எழுதினால் பெரும்பாலும் பிழைத்துப்போகும். வரிசை இப்படி: 1620 இல் டேனியர் வந்து இங்கே கோட்டை போடத் தொடங்கிப் பாதியில் போனார்கள். 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே 1624 அளவில் முக்கோண வடிவில் கோட்டை எழுப்பினார்கள். 1639 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1672 இல் பிரெஞ்சுக் கப்பற்படை வந்து கொஞ்சக் காலம் இருந்தது. 1782 ஒரே ஆண்டில் இரண்டு தரம் கை மாறியது: ஜனவரியில் ஆங்கிலேயர், ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுக்காரர். பிறகு திரும்ப ஒல்லாந்தர், 1795 இலிருந்து ஆங்கிலேயர். பிரெட்றிக் கோட்டை என்ற பெயர் 1803 இல் வந்தது, யோர்க் கோமகனின் பெயர். பதிவில் "பிரெட்றிக் கோட்டையை ஒல்லாந்தர் பிடித்தனர்" என்று எழுதாதீர்கள். அப்போது அந்தப் பெயரே இல்லை.

வாசல் நிலைக்கல்லில் இரட்டைக் கயல் இருக்கிறது, "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் செய்யுளின் உடைந்த வரிகளும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே காலத்தில் வைக்க வேண்டாம். கயல் பாண்டியர் சின்னம், அவர்கள் இங்கே கை நீட்டியது 13 ஆம் நூற்றாண்டில். செய்யுளில் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், வருகிறான். அவர்கள் இலங்கைக்கு வந்தது 1505 இல், ஆகவே அதற்கு முன்னால் அதைக் கொண்டுபோக முடியாது. வாய்ப்பாடமாக நாங்கள் சொல்லும் முழுப் பாட்டும் கல்லில் இல்லை. கல்லில் உள்ளதை வரி வரியாக, உடைந்தது உடைந்தபடியே எழுதுங்கள். ஊர்ப்பாடத்தைத் தனியாக வையுங்கள்.

கோட்டைக்குள் கிடைத்த இன்னொரு கல், கிரந்த எழுத்தில் சமஸ்கிருதக் கல்வெட்டு. சோடகங்கன் சக ஆண்டு 1145 இல், அதாவது 1223 இல், கோகர்ணத்துக்கு (திருகோணமலையின் பழைய பெயர்) வந்ததைச் சொல்கிறது. இடித்த கோயில் எவ்வளவு பழையது என்று யாராவது கேட்டால் காட்டுவதற்குக் கையில் உள்ள திகதியிட்ட சான்று அது.

எழுத்தைப் படம் எடுக்கும்போது சோக்கட்டி தேய்க்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். கை விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து, இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என மூன்று படம் எடுங்கள். நேரே பிளாஷ் அடித்தால் எழுத்தின் பள்ளம் மறைந்துபோகும். மைப்படி (தாளை ஒட்டி மையால் ஒற்றுவது) எடுப்பது தொல்லியல் திணைக்களத்தின் எழுத்து அனுமதியோடு மட்டும்.

பேக் பே:
வாசன் ஐயா, ஒன்றை விட்டுவிட்டீர்கள். சுவாமி மலையில் நிற்கும் பிரான்சினா வான் ரீட் தூண். காதலன் கப்பலேறிப் போக அந்தப் பெண் பாறையிலிருந்து குதித்தாள் என்று வழிகாட்டிகள் எல்லாரும் சொல்கிறார்கள். 1687 என்ற ஆண்டும் தூணில் இருக்கிறது.

கோணமலை வாசன்:
தூணும் ஆண்டும் உண்மை, குதிப்பு கதை. அதே பிரான்சினா பிற்பாடு உயிரோடிருந்து கலியாணம் முடித்ததற்கு ஒல்லாந்தப் பதிவு இருக்கிறது. கட்டடக்கலை பார்க்கிறவனுக்கு அந்தத் தூணின் பெறுமதி வேறு. அது இடித்த கோயிலின் தூண், ஒல்லாந்தர் எழுத்து வெட்டினது பிறகு. தண்டின் வெட்டைப் பாருங்கள்.

கோட்டைக்குள் இன்னும் இரண்டு. 1800 இன் கடைசியில் ஆதர் வெல்லெஸ்லி, பிறகு வெலிங்டன் கோமகன் ஆனவர், தங்கிய வீடு. மற்றது கோணேசர் கோயில். 1956 இல் சுழியோடிகள் கடலடியிலிருந்து பழைய கோயிலின் எச்சங்களை எடுத்தார்கள், 1963 இல் குடமுழுக்கு. ஆகவே இன்று நாங்கள் கும்பிடுகிற கட்டடம் புதியது, இடம்தான் பழையது. கோட்டை இராணுவத்தின் கையில். வீதியால் கோயிலுக்குப் போகத் தடையில்லை, ஆனால் முகாம் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். ஒஸ்ரன்பேர்க் கோட்டை கடற்படைத் தளத்துக்குள், முன்கூட்டியே கடிதம் கொடுக்காமல் போய்ப் பிரயோசனமில்லை.

எஸ்பிளனேட் மயானத்தில் கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின் (1852), வியாழன் கோளை ஆராய்ந்த மேஜர் மோல்ஸ்வேர்த் (1908) இருவரின் கல்லறையையும் தவறவிடாதீர்கள். கல்லறைகளில் ஆண்டு வெட்டியிருப்பதால் எழுத்துரு, சாந்து, செங்கல் எந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று ஒப்பிட அதைவிட நல்ல இடம் டவுனில் இல்லை. அதற்காகவே முதல் நாள் காலையை அங்கே செலவிடச் சொல்வேன்.

வரைபடக்காரி:
வீடுகளைக் காலம் பிரிக்க, எழுத்து இல்லாத இடத்தில் இவற்றைப் பாருங்கள்.

ஆணி: நாலு பக்கமும் ஒடுங்கும் சதுர ஆணி என்றால் கொல்லன் அடித்தது. வட்டக் கம்பி ஆணி 19 ஆம் நூற்றாண்டின் கடைசிக்குப் பிறகு. திருகாணியின் முனை மொட்டையாக இருந்தால் அந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்னையது என்று எடுக்கலாம். கதவு மாற்றியிருப்பார்கள், ஆகவே நிலையில் உள்ள ஆணியைப் பாருங்கள்.

ஓடு: தட்டை மங்களூர் ஓட்டை பாசல் மிஷன் 1865 இல் தான் வார்க்கத் தொடங்கியது. அந்த ஓடு போட்ட கூரை அதற்குப் பிந்தியது. ஆனால் கூரை பிந்தியதென்றால் சுவரும் பிந்தியது என்றில்லை. சுவர்த் தலையில் பழைய கைமரப் பொந்துகள் வேறு இடைவெளியில் அடைபட்டிருந்தால், முன்பு பீலி ஓட்டுக் (அரைவட்ட ஓடு) கூரை இருந்து கழற்றப்பட்டது.

இரும்பு: விறாந்தையில் தண்டவாளம் போன்ற உத்திரம் இருந்தால் பக்கவாட்டில் பாருங்கள். வார்த்த கம்பனியின் பெயர் புடைத்து நிற்கும். பூச்சு உரித்து வாசியுங்கள், அது திகதிக்குச் சமம்.

சாந்து: வெள்ளை, நகத்தால் கீற வரும், உள்ளே சிப்பித் துண்டும் சுண்ணாம்புக் கட்டியும் தெரியும் என்றால் சுண்ணாம்பு. சாம்பல் நிறம், நகம் ஏறாது என்றால் சீமெந்து. காங்கேசன்துறை ஆலை 1950 இல் வந்த பிறகுதான் இந்தப் பக்கம் சீமெந்து கைக்கெட்டிய சாமானாகியது. பழைய சுவரில் காணும் சாம்பல் பூச்சு பெரும்பாலும் அதற்குப் பிந்திய திருத்தம்.

திறந்திருக்கும் ஒல்லாந்தக் கட்டடம் வேண்டுமென்றால் உள்துறைமுக வீதியில் கடற்படை அருங்காட்சியகம், பழைய ஆணையாளர் இல்லம். சுவர்த் தடிப்பு, விறாந்தை அகலம், யன்னல் நிலை எல்லாம் அங்கே அளந்து பழகிவிட்டு வீடுகளுக்குப் போங்கள். புனித மரியாள் பேராலயம் 1852. அதன் முகப்பை மட்டும் படமெடுத்துவிட்டுத் திரும்பாமல் பின்பக்க ஓட்டுக் கூரையையும் பாருங்கள்.

சாந்தகப்பை:
குமரன் தம்பி, சீமெந்து பூச விடாதீர்கள். காரணத்தை வீட்டுக்காரருக்கு இப்படி விளங்கப்படுத்துங்கள்.

அந்தச் சுவரின் அத்திவாரத்தில் ஈரத்தடுப்பு இல்லை. நிலத்து நீர் உப்பையும் தூக்கிக்கொண்டு சுவரில் ஏறும், வழக்கமாக ஒரு மீற்றர் மட்டில். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும், ஆகவே ஈரம் வெளியே போய்விடும். சீமெந்து அடைத்துப் பிடிக்கும். ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். இன்று இடுப்பளவு, இரண்டு மாரி கழிய நெஞ்சளவு.

கறியுப்புக்கு இன்னொரு குணம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேலே போனால் கரையும், கீழே வந்தால் மணியாகும். டச் பேயில் இரவு கரைந்து பகல் மணியாகும், நாள்தோறும். மணியாகும்போது இடம் கேட்டுத் தள்ளும். அது பூச்சுக்குப் பின்னால் நடந்தால் முருகைக்கல் மாவாகும், சீமெந்து பலகை பலகையாகக் கழன்று விழும். கல்லையும் இழுத்துக்கொண்டுதான் விழும்.

வேலை முறை. பூச்சை உப்புக் கோட்டுக்கு மேலே ஒரு அடி வரை எடுங்கள். உளி, சிறு சுத்தியல் போதும், மெஷின் வேண்டாம். மெஷின் அடிக்கிற அதிர்வில் கல்லின் முகம் உதிரும். கல் இடுக்கின் சாந்து பொருமியிருந்தால் 20 மில்லிமீற்றர் ஆழத்துக்குச் சுரண்டுங்கள். உப்பை உலர்ந்த தும்புத் தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளி வெளியே எறியுங்கள். கழுவினால் அதே உப்பு திரும்ப உள்ளே போகும். கூட்டின தூசியைச் சுவரடியில் விட்டால் அடுத்த மழையோடு அதுவும் ஏறும், இதை மேசன்மார் கவனிப்பதில்லை. பிறகு கூடுமானவரை உலர விடுங்கள், ஒரு கோடை கிடைத்தால் நல்லது.

பூச்சு மூன்று தட்டு. களி என்றால் தண்ணீரில் ஊறவைத்த சுண்ணாம்பு. முதலாவது எறிசாந்து: களி 1, பருமணல் 2½, கையால் வீசி அடிப்பது, தேய்ப்பதில்லை. இரண்டாவது களி 1, மணல் 3, தடிப்பு 10 மில்லிமீற்றருக்கு மேலே போகக்கூடாது. மூன்றாவது களி 1, அரித்த மணல் 2, தடிப்பு 3 மில்லிமீற்றர். தட்டுக்குத் தட்டு ஒரு கிழமை, பத்து நாள் விடுங்கள். நகத்தால் அழுத்த அமுங்காவிட்டால் அடுத்ததற்குப் போகலாம். நிலத்திலிருந்து முதல் இரண்டடிக்கு ஈரம் விடாமல் இருக்கும், வெறும் சுண்ணாம்பு அங்கே இறுக நாளெடுக்கும். அந்தப் பகுதிக்கு மட்டும் களி 1, நன்கு அரித்த செங்கல் தூள் 1, மணல் 2. தூள் குறைவாகச் சுட்ட கல்லில் இருந்து வரவேண்டும். கறுத்துச் சுட்ட கல்லின் தூள் வெறும் மணல் மாதிரித்தான் கிடக்கும்.

கணக்கு: பத்தடி நீளம், நாலடி உயரம், மொத்தத் தடிப்பு 20 மில்லிமீற்றர் என்றால் சேதாரத்தோடு மணல் 85 லீற்றர், களி 30 லீற்றர். மணலின் இடைவெளியை நிரப்பத்தான் களி போகிறது, ஆகவே இரண்டையும் கூட்டி 115 லீற்றர் சாந்து வரும் என்று எண்ணாதீர்கள். கருங்கல்லும் முருகைக்கல்லும் கலந்த மேடுபள்ளச் சுவருக்கு இன்னும் காற்பங்கு சேருங்கள்.

காலம் முக்கியம். மாரியில் பூசினால் இறுகாது. கச்சான் காற்று அடிக்கும்போது பூசினால் அரை நாளில் வரண்டு வலைபோல் வெடிக்கும். தை கழிந்து மழை விட்டதிலிருந்து சித்திரை வரை நல்லது. அப்போதும் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு ஒரு கிழமைக்கு நாளொன்றுக்கு மூன்று தரம் தெளிக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமிலவாயுவை எடுத்துத்தான் கல்லாகிறது, அதற்கு ஈரம் வேண்டும். வரண்டால் வெறும் மாவு.

உவர்மலைக் குமரன்:
நன்றி அண்ணை. களி எங்கே எடுப்பது? முருகைக்கல் சுடுவது இப்போது தடைதானே? ஹாட்வெயாரில் பையில் வரும் சுண்ணாம்பு சரிவருமா?

சாந்தகப்பை:
முருகைக்கல் பற்றி நினைக்கவே வேண்டாம். கடலில் இருந்து எடுப்பதும் கரையோரத்தில் சுடுவதும் சட்டவிரோதம். இடிந்த மதிலின் பழைய முருகைக்கல் கிடைத்தால் அதைச் சுடாமல் அடைகல்லாக வையுங்கள்.

பை சுண்ணாம்பு சரிவரும், புதிதாக இருந்தால். பழைய பை காற்றுப்பட்டுப் பாதி கல்லாகியிருக்கும். ஒரு பிடியைத் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள், வழுவழுவென்று வரவேண்டும், நறநறவென்றால் விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் பீப்பாவில் தண்ணீரோடு கலக்கி, மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க மூடி, இரண்டு கிழமையாவது வையுங்கள். சுட்ட கட்டிச் சுண்ணாம்பு கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் மூன்று மாதம் ஊறவேண்டும். நீற்றும்போது தண்ணீருக்குள் சுண்ணாம்பைப் போடுங்கள், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடி, கையுறை கட்டாயம்.

மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் இவ்வளவு பாடும் வீண். பால்போல் கரைத்த சுண்ணாம்பு, நாளுக்கொரு தட்டாக நாலைந்து. பனங்கட்டித் தண்ணீர் சேர்க்கிறவர்கள் கொஞ்சமாகச் சேருங்கள், கூடினால் பூஞ்சை பிடிக்கும்.

மூதூர்க்கரை:
மணலையும் சொல்லுங்கள் அண்ணை. கடற்கரை மணலை அள்ளிப் பூசிவிட்டுச் சுவர் வேர்க்கிறது என்கிறார்கள். மகாவலி கொட்டியாரக்குடாவில் விழுகிற இந்தப் பக்கத்திலும் வாய்க்குக் கிட்ட எடுக்கிற மணலில் உப்பிருக்கும், கோடையில் கடல் நீர் உள்ளே ஏறும். ஆற்று மணல் என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். சோதனை சுலபம்: ஒரு கரண்டி மணலைக் காய்ச்சி வடித்த நீரில் குலுக்கி, தெளிந்த நீரில் இரண்டு சொட்டு சில்வர் நைத்திரேற்று விடுங்கள். பாடசாலை ஆய்வுகூடத்தில் கேட்டால் கிடைக்கும். பால்போல் வெளுத்தால் உப்பு. அந்த மணலைக் கழுவித் திரும்பச் சோதியுங்கள். களிமண்ணுக்கு வேறு: கண்ணாடிப் போத்தலில் மணலும் தண்ணீரும் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மேலே படியும் சேறு மணல் உயரத்தில் பதினைந்தில் ஒரு பங்குக்கு மேலே போனால் சாந்து வெடிக்கும்.

பதிவை டவுனோடு நிறுத்தவேண்டாம். இந்தக் குடாவின் பழைய துறை கொட்டியாரம். 1660 இல் "ஆன்" கப்பலின் ஆட்களோடு றொபர்ட் நொக்ஸ் பிடிபட்டது மூதூரில், 1893 இல் நட்ட கல் இருக்கிறது. டவுனுக்கும் எங்களுக்கும் இடையில் போக்குவரத்து பாதைப்படகிலும் லோஞ்சிலும்தான் நெடுங்காலம் நடந்தது. 396 மீற்றர் கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் தான் திறந்தார்கள். மரமும் மணலும் தண்ணீரால் போன காலத்தில் உள்துறைமுகக் கரை ஏன் பண்டகசாலை வரிசையாக இருந்தது என்பதற்கு அதுவே பதில்.

பேக் பே:
மூதூர் நானா சொன்னது சரி. பாலம் வந்த பிறகு டவுனின் முகம் திரும்பிவிட்டது. முன்பு தண்ணீர்ப் பக்கம் முகப்பு, இப்போது தண்ணீர்ப் பக்கம் குசினிப் புகைபோக்கி.

முகட்டுவளை:
சுவரைப் பற்றியே பேசுகிறீர்கள், ஈரத்தில் பாதி மேலிருந்து வருகிறது. குமரன், பூச்சுக்கு முதல் ஓட்டைப் பாருங்கள்.

மங்களூர் ஓட்டுக்கு சதுர மீற்றருக்குப் பதினைந்து மட்டில் போகும், சிலாகை இடைவெளி சுமார் 32 சென்றிமீற்றர். ஆனால் ஒவ்வொரு ஆலை ஓடும் மயிரிழை வித்தியாசம். பழைய ஓட்டோடு புது ஓட்டைக் கலந்தால் நாக்கு வாய்க்குள் உட்காராது, காற்றோடு மழை உள்ளே அடிக்கும். பழைய ஓடுகளை எல்லாம் வீதிப் பக்கச் சரிவுக்கு ஒன்றாகச் சேர்த்து, புதியதைப் பின்பக்கச் சரிவு முழுவதுக்கும் போடுங்கள். ஓட்டைத் தட்டிப் பாருங்கள், மணிபோல் சத்தம் வந்தால் நல்லது, மந்தமாக வந்தால் மயிர்வெடிப்பு.

பனங்கைமரம் நடுவில் நூறு வருஷம் நிற்கும், சுவருக்குள் போகும் முனையில் உக்கும். கூரான கம்பியால் முனையைக் குத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, வைரப் பனையால் ஒட்டுப்போட்டு இரண்டு போல்ற் அடியுங்கள். கைமரம் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. முனையைச் சுற்றி சாந்தடைக்காமல் விரலிடை காற்று விடுங்கள்.

புயலுக்கு: 1964 டிசம்பர், 2020 டிசம்பர் இரண்டு தரமும் இந்தக் கரைக்குப் புயல் வந்தது. ஓட்டைக் கிளப்புவது தாழ்வார ஓரமும் முகடும் பக்க விளிம்பும்தான். அந்த இடங்களில் மூன்று வரிசையைக் கட்டுங்கள். சாதாரணக் கட்டுக்கம்பி உப்புக்காற்றில் அற்றுப்போகும், செப்புக் கம்பி அல்லது 316 தரத் துருப்பிடியா உருக்கு வாங்குங்கள். விறாந்தைக் கூரையைப் பெரிய கூரையோடு ஒரே கைமரமாக நீட்டாதீர்கள். பழைய வீடுகளில் அது ஒரு படி தாழ்த்தித் தனியாக நிற்பதைப் பார்க்கலாம், போனால் அது மட்டும் போகும். முகட்டோட்டைச் சீமெந்தில் பதிக்கிறார்கள், வெயிலுக்கு வெடித்துவிடும். சுண்ணாம்பும் செங்கல் தூளும் போதும்.

வரைபடக்காரி:
வேலை தொடங்குமுன் அனுமதி. டச் பே தெருக்கள் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் வருகின்றன, அதாவது 1981 இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கரையோர வலயம். பூச்சுத் திருத்தத்துக்கு ஒன்றுமில்லை, ஆனால் இடித்துக் கட்டுவது, மாடி ஏற்றுவது என்றால் கரையோரத் திணைக்களத்தின் அனுமதி தனியாக வேண்டும், உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி அதற்கு ஈடாகாது. தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 க்கு முன்னையவற்றைத் தானாகவே தொல்சின்னமாக எடுக்கும். வீடு ஒல்லாந்தர் காலத்தது என்று பெருமைக்குச் சொல்லுமுன் இதையும் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிடுங்கள்.

சாந்தகப்பை:
பெருமைக்குச் சொல்லி மாட்டினவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மறைக்கச் சொல்லாதீர்கள். தொல்லியல் அதிகாரி வந்து பார்த்தால் சுண்ணாம்பு வேலைக்கு இலவச ஆலோசனையாவது கிடைக்கும்.

வரைபடக்காரி:
மறைக்கச் சொல்லவில்லை அண்ணை, ஆணியும் ஓடும் பார்க்காமல் காலம் சொல்லாதீர்கள் என்கிறேன்.

அளவெடுப்பு: 30 மீற்றர் நாடா, கண்ணாடிக் குழாய் நீர்மட்டம், இரண்டு பேர். அறை ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டமும் எடுங்கள், பழைய வீட்டில் மூலை எதுவும் நேர்மூலை அல்ல. கதவு யன்னல்களைத் தனித்தனியாக அளந்து கூட்டாதீர்கள். நாடாவைச் சுவர் முழுக்க நீட்டி வைத்துத் தொடர் அளவாக வாசியுங்கள், பிழை சேராது. தளப்படம் 1:50, யன்னல், தூண் தலை, தாழ்வாரப் பலகை 1:20. சுவர் வெடிப்புக்கு இரண்டு பக்கமும் ஆணி அடித்து, வேர்னியரால் மாதம் ஒருக்கால் இடைவெளியைக் குறியுங்கள். கோடையில் விரிந்து மாரியில் ஒடுங்கினால் அத்திவாரத்துக் களிமண், அதற்கு சாந்தால் அடைத்துப் பயனில்லை. ஒரே பக்கமாக விரிந்துகொண்டே போனால் கூரை சுவரைத் தள்ளுகிறது, முகட்டுவளை அண்ணையைக் கூப்பிடுங்கள்.

உவர்மலைக் குமரன்:
வீட்டுக்காரர் தை கழியும்வரை பொறுக்கச் சம்மதம். களிக்கு இரண்டு பீப்பா எடுத்தாயிற்று. சாந்தகப்பை அண்ணை, செங்கல் தூள் எந்த அரிதட்டில் அரிப்பது?

சாந்தகப்பை:
மாவரிக்கிற அரிதட்டு. அதிலும் தங்குவதைத் திரும்ப இடித்து அரியுங்கள்.